ஒண்ட வந்த பிடாரி!

ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டிய கதையை நாம் அறிவோம். அந்தக் கதை நைல் நதிக் கரையிலும் நடந்தது. ஓராண்டு ஈராண்டல்ல, 74 ஆண்டுகள் நடந்தது!

1882-ல் எகிப்தில் இறங்கிய பிரிட்டிஷ் துருப்புகள் தற்காலிகமாகவே வந்திருப்பதாக லண்டன் சர்க்கார் உலகுக்கு அறிவித்தது. நிரந்தரமாகத் தங்கும் எண்ணமே இல்லை என்று பிரதமர் கிளாட்ஸ்டன் உறுதி சொன்னார். கடைசிச் சிப்பாய் கப்பலேறியதோ 1956 ஜூனில்! தற்காலிகம் என்ற சொல்லுக்கு ஏகாதிபத்திய அகராதியில் பொருள் இதுதான்.

ஏன் வந்தார்கள்? வட்டி வசூலிக்க வந்தார்கள். வழியைக் காக்க வந்தார்கள். 1869-ல் திறந்த சூயஸ் கால்வாய் இந்தியாவுக்குக் குறுக்கு வழி. கடனில் மூழ்கிய கெதீவ் இஸ்மாயிலின் கால்வாய்ப் பங்குகளை 1875-ல் சுமார் 40 லட்சம் பவுனுக்கு வாங்கினார் டிஸ்ரேலி. பிறகு எகிப்தின் வரவு செலவுக் கணக்கே ஐரோப்பியக் கடன்காரர்களின் கைக்குப் போயிற்று. 'எகிப்து எகிப்தியருக்கே' என்று எழுந்தார் அராபி பாஷா. கிடைத்த பதில் என்ன? அலெக்ஸாந்திரியா நகரின் மேல் பீரங்கிக் குண்டு!

டெல் எல் கெபீர் களத்தில் அராபியின் படையை முறியடிக்க இந்தியச் சிப்பாய்களும் கொண்டு செல்லப்பட்டார்கள். ஓர் அடிமையின் கையாலேயே இன்னோர் அடிமைக்கு விலங்கு! தோற்ற அராபியை நாடு கடத்திய இடமும் நமக்குத் தூரமானதல்ல, இலங்கைதான். கொழும்பிலும் கண்டியிலும் 1901 வரை வாழ்ந்த அந்த மனிதர் அங்கும் சோர்ந்து உட்காரவில்லை. 1892-ல் கொழும்பில் தோன்றிய ஸாஹிராக் கல்லூரிக்கு அவர் தந்த ஊக்கம் பெரிது.

1883 முதல் 1907 வரை கெய்ரோவில் குரோமர் பிரபுவின் ஆட்சி. பதவியின் பெயர் கன்சல் ஜெனரல்; பார்த்த வேலையோ மன்னனுக்கு மேல் மன்னன் வேலை. "அவர் கடனை அடைக்கவில்லையா? அஸ்வானில் அணை எழுப்பவில்லையா?" என்று கேட்பவர்கள் இன்றும் உண்டு. உண்மைதான், 1902-ல் அணை எழுந்தது. அந்தத் தண்ணீரில் விளைந்த பருத்தி லங்காஷயர் ஆலைகளுக்குப் போயிற்று. பள்ளிக்கூடத்துக்கு மட்டும் கஜானாவில் காசு இல்லை! எகிப்தியர் தாங்களே நிதி திரட்டிய பல்கலைக் கழகம் 1908-ல்தான் திறந்தது. அதற்குக் குரோமர் கப்பலேற வேண்டியிருந்தது.

1906-ல் டென்ஷவாய்க் கிராமத்தில், ஊரார் வளர்த்த புறாக்களைச் சுட வந்தார்கள் பிரிட்டிஷ் ராணுவ அதிகாரிகள். கைகலப்பு மூண்டது. ஓர் அதிகாரி இறந்தார். விசேஷ நீதிமன்றம் கூடியது. நான்கு பேருக்குத் தூக்கு, பலருக்குச் சவுக்கடி, அதுவும் ஊர் பார்க்க! நாடு பதறியது. எகிப்திய தேசியம் பாஷாக்களின் மாளிகையை விட்டுக் குடிசைக்குள் நுழைந்தது அன்றைக்குத்தான்.

1919-ல் அது வெடித்தது. சமாதான மாநாட்டுக்குப் போய் நியாயம் கேட்க விரும்பிய ஸாத் ஸக்லூலை மால்டாத் தீவுக்குக் கடத்தினார்கள். மாணவர்கள் எழுந்தார்கள், விவசாயிகள் ரயில் பாதைகளைப் பெயர்த்தார்கள், முக்காட்டுடன் பெண்கள் வீதிக்கு வந்தார்கள், முஸ்லிமும் காப்டிக் கிறிஸ்தவரும் ஒரே கொடியின் கீழ் நின்றார்கள். பீரங்கியால் அடக்க முடியாது என்று கண்ட பிரிட்டன், 1922-ல் 'சுதந்திரம்' தந்தது.

அந்தச் சுதந்திரத்தைச் சற்றுப் புரட்டிப் பார்ப்போம். நான்கு விஷயங்கள் மட்டும் பிரிட்டனின் கையிலேயே இருக்குமாம்: சாம்ராஜ்யப் போக்குவரத்தின் பாதுகாப்பு, எகிப்தின் பாதுகாப்பு, அந்நியர், சிறுபான்மையோர் நலன், சூடான். வீடு உன்னுடையது, ஆனால் வாசலும் வழியும் கொல்லையும் எங்கள் காவலில் என்பதற்குப் பெயர் சுதந்திரமா?

அடித்துப் பார்த்தவர்கள் அணைத்தும் கெடுத்தார்கள். 1942 பிப்ரவரி 4 இரவு, மன்னர் பரூக்கின் அரண்மனையைப் பிரிட்டிஷ் டாங்கிகள் வளைத்தன. நஹாஸ் பாஷாவைப் பிரதமராக்கு, இல்லையேல் முடி துற என்றார் தூதர் லாம்ப்ஸன். நஹாஸ் யார்? ஸக்லூலின் வாரிசு, வப்த் கட்சியின் தலைவர்! தேசியக் கட்சியை அந்நிய டாங்கியின் நிழலில் ஆசனம் ஏற்றியதால் அக்கட்சியின் மானமும் போயிற்று. மன்னரின் மானமும் போயிற்று. மிஞ்சியது மனம் கொதித்த இளம் ராணுவ அதிகாரிகளின் கூட்டம். 1952 ஜூலையில் அவர்கள் எழுந்ததற்கு விதை போட்டது பிரிட்டனேதான்!

1936 ஒப்பந்தப்படி கால்வாய்ப் பகுதியில் 10,000 துருப்புகளே இருக்கலாம். 1950-களின் தொடக்கத்தில் இருந்ததோ சுமார் 80,000. ஒப்பந்தத்தை மதிக்காதவர்களே 1956-ல் நாஸருக்கு ஒப்பந்த தர்மம் போதித்தார்கள்!

அஸ்வான் உயர் அணைக்கு வாக்களித்த பணத்தை ஜூலை 19-ல் அமெரிக்கா மறுத்தது, பிரிட்டனும் பின்தொடர்ந்தது. ஜூலை 26-ல் கால்வாய்க் கம்பெனியை நாஸர் தேசியமயமாக்கினார். பங்குதாரருக்கு நஷ்ட ஈடும் உண்டு என்றார். எகிப்தியருக்குக் கப்பலை வழிநடத்தத் தெரியுமா என்று ஏளனம் செய்தார்கள். செப்டம்பரில் அந்நிய மாலுமி வழிகாட்டிகள் விலகினார்கள். கப்பல்கள் நின்றனவா? போய்க்கொண்டே இருந்தன!

வாதம் தோற்றதும் சதி பிறந்தது. பிரான்ஸின் ஸெவ்ர் நகரில் மூன்று நாட்டார் ரகசியமாகக் கூடினார்கள். அக்டோபர் 29-ல் இஸ்ரேல் பாய்ந்தது. மறுநாள் பிரிட்டனும் பிரான்ஸும் 'சமாதானம்' செய்ய வந்தன: இரு தரப்பும் கால்வாயை விட்டுப் பத்து மைல் விலக வேண்டுமாம்! தன் மண்ணிலிருந்து தானே விலகு என்பது எந்த ஊர் மத்தியஸ்தம்? போர்ட் ஸெயித் எரிந்தது. ஜூனில் போனவன் நவம்பரில் திரும்பி வந்தான்!

ஆனால் காலம் 1882 அல்ல. ஐ.நா. கண்டித்தது, மாஸ்கோ மிரட்டியது, வாஷிங்டன் பவுனைத் தாங்க மறுத்தது. நவம்பர் 6-ல் சண்டை நின்றது; டிசம்பரில் படை வெளியேறியது. இஸ்ரேல் தாக்கும் என்று முன்கூட்டித் தெரியாது என டிசம்பர் 20-ல் பார்லிமெண்டில் சொன்னார் ஈடன். ஸெவ்ர் உடன்படிக்கையின் தன் பிரதியைப் பிரிட்டன் அழித்தது. இஸ்ரேலின் பிரதி தப்பிவிட்டது. பொய் அம்பலமாயிற்று!

அந்நியன் போனதும் எல்லாம் விடிந்துவிட்டது என்று நாம் சொல்லவில்லை. கட்சிகளைக் கலைத்த ராணுவ ஆட்சியிடம் எகிப்திய மக்கள் கேட்க வேண்டிய கணக்கு வேறு. ஆனால் அதைக் கேட்கும் உரிமை அவர்களுடையது, கன்சல் ஜெனரலுடையதல்ல.

வாசகத் தோழர்களே! பலவான் ஒருவன் சிறிய நாட்டுக்குச் சுதந்திரமோ, கடனோ, பாதுகாப்போ தருகிறேன் என்று தாளை நீட்டும்போது, முதல் வரியைக் கண்டு மயங்காதீர். 'இவை நீங்கலாக' என்று தொடங்கும் வரியைத் தேடிப் படியுங்கள். அடிமைச் சாசனம் அங்கேதான் இருக்கும்!