பிள்ளை விளையாட்டும் கல்லாப் பெட்டியும்

கூடம் அமைத்து, பிள்ளைகளை உள்ளே விளையாடவிட்டு, மணிக்கு இவ்வளவு எனக் கட்டணம் பெறும் தொழில் நகரந்தோறும் தழைத்து வருவதைக் காண்கிறாய். வணிக வளாகத்தின் மேல்மாடியிலே பஞ்சுமெத்தை, பந்துக்குளம், சறுக்குமரம், வாயிலிலே நுழைவுச்சீட்டு! இதிலே இலாபம் ஈட்டுவது தவறா எனக் கேட்டால், தவறன்று என்றே சொல்வேன். புழுதியும் ஊர்தி நெரிசலும் தெருவைப் பிள்ளைகளிடமிருந்து பறித்துக்கொண்ட பின்னர், அவர்கள் குளிர்ந்த கூடமொன்றில் குதித்தாடுவது கண்டு யார்தான் முகம் சுளிப்பர்?

ஆனால், அந்த இலாபத்தின் கணக்கைச் சற்றே புரட்டிப் பார். வாடகை ஏழு நாளும் ஓடுகிறது. பிள்ளைகள் வருவதோ சனியும் ஞாயிறும், பள்ளி விடுமுறையும். திங்கட்கிழமை காலையில் கூடம் வெறிச்சோடிக் கிடக்கும். மின்கட்டணமும் பணியாளர் ஊதியமும் அப்போதும் உண்டு. ஐந்து நாள் இழப்பை இரண்டு நாளிலே ஈடுகட்டியாக வேண்டும். பிறந்தநாள் விருந்தும் தின்பண்டக் கடையும் இல்லையேல் பல கூடங்கள் நிமிர்ந்து நில்லா. அமெரிக்காவில் 1989-இல் தோன்றிய டிஸ்கவரி ஜோன், நூற்றுக்கணக்கான கூடங்களாகக் கிளைத்து, 1996-இல் திவால் மனுவோடு நீதிமன்றத்தின் முன் நின்றது. பார்ப்பதற்குப் பொன்முட்டையிடும் வாத்து. வளர்த்தவனுக்கே தெரியும் அதன் தீனிச் செலவு!

இத்தகைய தொழிலில் மிச்சம் பிடிக்க இடம் எது? வாடகையைக் குறைக்க இயலாது. பந்தைக் குறைத்தால் பிள்ளையே கண்டுபிடித்துவிடும்! யார் கண்ணுக்கும் படாமல் குறைக்கத்தக்கது ஒன்றுண்டு. அது இரண்டாவது வாயில்.

2024 மே 25, சனிக்கிழமை. குஜராத்தின் ராஜ்கோட் நகரில், டி.ஆர்.பி. கேம் ஜோன் என்னும் விளையாட்டுக்கூடம். விடுமுறைக் காலம், 99 ரூபாய்க்கு நுழைவு என்ற அழைப்பு, அலையலையாகக் கூட்டம். தகரக் கொட்டகைக்குள்ளே சிறுவண்டிப் பந்தயத்துக்கான எரிபொருள், ஒருபுறம் வெல்டிங் வேலை. மாலையில் தீ மூண்டது. 27 உயிர்கள், அவற்றுள் பிள்ளைகளும், கருகின. இன்னார் உடல் இது என்று அறிய மரபணுச் சோதனை வேண்டியிருந்தது, தோழனே! 2021 முதல் நடந்துவந்த அந்த இடத்துக்குத் தீயணைப்புத் துறையின் தடையில்லாச் சான்று இல்லை. மறுநாளே குஜராத் உயர்நீதிமன்றம் தானே முன்வந்து வழக்கைக் கையிலெடுத்து, மனிதர் உண்டாக்கிய பேரழிவு இது என்றது. நடத்தியோர் கைதாயினர், அலுவலர்கள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டனர். பிணங்கள் விழுந்தபின் திறந்த கண்கள், மூன்றாண்டுகளாக எங்கே நோக்கியிருந்தன?

ராஜ்கோட் தனிக்கதையன்று. 2018 மார்ச் 25-இல், ருசியாவின் கெமரோவோ நகர வணிக வளாகத்தில், பிள்ளைகள் விளையாடும் மேல்தளத்தில் தீப்பிடித்து 60 பேர் மாண்டனர், பெரும்பாலோர் குழந்தைகள். அவசர வழிகள் அடைபட்டிருந்தன. பள்ளிக்கூடமேயாயினும், 2004 ஜூலை 16-இல் கும்பகோணத்தில் 94 குழந்தைகளைப் பறிகொடுத்த நமக்கு, ஒற்றைக் குறுகிய படிக்கட்டின் பொருளை வேறு யாரும் விளக்க வேண்டுமா?

கட்டுப்பாடு கூடினால் தொழில் நசியும் என்பார் உளர். நான் கேட்கிறேன்: இரண்டு வாயில் வைத்து, தீப்பிடிக்கா மெத்தை வாங்கி, ஆட்களுக்குப் பயிற்சியளித்து நடத்தும் நேர்மையாளன், இவை எதுவுமின்றி 99 ரூபாய்க்கு அழைப்பவனோடு எவ்விதம் போட்டியிடுவான்? சட்டம் உறங்கினால் முதலில் நசிபவன் அந்த நல்ல முதலாளிதான். பஞ்சுமெத்தை பற்றினால் எழுவது வெறும் புகையன்று, நஞ்சு. ஓடுவதற்குக் கிடைப்பவை சில நிமிடங்களே.

மற்றொன்று. சீட்டு வாங்க இயலாத வீட்டுப் பிள்ளை எங்கே ஆடுவது? விளையாட்டு குழந்தையின் உரிமை என்று 1989-இல் ஐ.நா. உடன்படிக்கை கூறியது, 1992-இல் இந்தியாவும் அதனை ஏற்றது. வட்டத்துக்கு வட்டம் நகராட்சித் திடல் இருந்தால், கூடம் நடத்துவோனும் கட்டணத்தைக் கூட்டுமுன் இருமுறை எண்ணுவான்.

நம் மன்றங்கள் இதிலே செய்யத்தக்கது உண்டு. உன் பகுதியிலுள்ள கூடத்துக்கு ஒரு ஞாயிறு மாலை, கூட்டம் நெரியும் வேளையிலே செல். வாயில்களை எண்ணு, இரண்டாவது கதவு பூட்டியிருக்கிறதா என்று தள்ளிப் பார். தீயணைப்புச் சான்றைக் கேள். அதன் தேதியைப் படி. காட்ட மறுத்தால், திங்கட்கிழமை காலையில் நகராட்சி ஆணையர் மேசைமீது உன் மனு இருக்கட்டும். அதன் படியொன்று தீயணைப்பு நிலையத்துக்கும் போகட்டும்.