இல்லறச் சோலை: பதினாறு கட்டங்கள்

“பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு வாழ்க” என்று மணமக்களை வாழ்த்துவது நம் மரபு. அந்தப் பதினாறைக் கொண்டே தாய்மாரும் தந்தையரும் பிள்ளைகளும் சேர்ந்து செய்யத்தக்க கைவேலை ஒன்றை இம்மாதம் கூற விழைகின்றேன். பிறக்கவிருக்கும் குழந்தைக்கு வீட்டார் அனைவரும் கூடிப் பின்னும் சிறு போர்வையே அது.

வெயில் காயும் நெல்லைச் சீமையில் போர்வை எதற்கு என்று சிலர் வினவலாம். பிறந்த சிசுவின் உடல் தன் சூட்டை விரைவில் இழந்துவிடும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையிலும், குற்றாலச் சாரல் வீசும் ஆனி, ஆடியிலும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கோ கோயிலுக்கோ செல்லும் தாய்க்கு இதன் அருமை தெரியும். நம் ஊருக்குப் பருத்தி நூலே ஏற்றது. கம்பளி நூல் உறுத்தும், வியர்க்கவும் செய்யும்.

பின்னல் வேலை நம் தென்கோடிக்குப் புதிதன்று. 1820-களில் நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் அம்மையார் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்பித்தார். அவருடைய மகள் எலிசா 1844-இல் கால்டுவெல்லை மணந்து, அக்கலையை இடையன்குடிக்குக் கொண்டு வந்தார். 1897-இல் பெல்ஜிய நாட்டிலிருந்து முளகுமூட்டுக்கு வந்த அன்னை மரிய லூயிஸ் தெ மெஸ்டரின் கன்னியர் சபையும் ஆதரவற்ற பெண்பிள்ளைகளைப் பேணியது. முளகுமூடு பின்னல் வேலைக்குப் பெயர் பெற்றது. அடிமைநிலையில் பிறந்த பெண்கள் சிலர் லேஸ் விற்ற காசைக் கொண்டே தம் விடுதலையைப் பெற்றனர் என்று மிஷன் வரலாறு கூறும். நூலும் ஊசியும் ஒரு பெண்ணின் தலைவிதியை மாற்றிய மண் இது.

இனிச் செய்முறைக்கு வருவோம். இருபது சென்டிமீட்டர் நீளமும் அகலமும் உடைய கட்டங்கள் பதினாறு பின்னி, வரிசைக்கு நான்காக இணைத்தால், எண்பது சென்டிமீட்டர் சதுரப் போர்வை கிடைக்கும். எல்லா வரிசைகளையும் ஒரே வகை நேர்க்கண்ணியாகப் பின்னினால் போதும். பத்து வயதுப் பிள்ளையும் சில நாட்களில் கற்றுக்கொள்ளும். ஒவ்வொருவர் கையும் ஒவ்வொரு விதம். ஒருவர் இறுக்கிப் பின்னுவார், மற்றவர் தளர்த்துவார். ஆகவே கண்ணிகளை எண்ணுவதைவிட, இருபது சென்டிமீட்டர் அட்டை ஒன்றை வெட்டி வைத்து அதன்மேல் பொருத்திப் பார்ப்பதே நலம். கை இறுகியவருக்குத் தடித்த ஊசியும், தளர்ந்தவருக்கு மெல்லிய ஊசியும் கொடுங்கள். கண்ணிகள் நெருக்கமாக இருக்கட்டும். பெரிய துளைகளில் குழந்தையின் பிஞ்சு விரல் மாட்டிக்கொள்ளும். பொத்தானோ குஞ்சமோ வேண்டா.

ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து மகள் தாய்வீடு செல்லும் நாளில் நூலைப் பங்கிடுங்கள். புகுந்த வீட்டில் எட்டுக் கட்டங்கள், பிறந்த வீட்டில் எட்டு. மாமனாரும் தாய்மாமனும் ஆளுக்கொன்று பின்னட்டும். கண் மங்கிய ஆச்சிக்குப் பின்ன இயலாதாயின், கட்டங்களை இணைக்கும் பொறுப்பை அவர் மேற்பார்வையில் விடுங்கள்.

இங்கே ஒரு வேண்டுகோள். நூலை வெள்ளையாகவோ சந்தன நிறமாகவோ வாங்குங்கள். வரப்போவது ஆணா, பெண்ணா என்று எவரும் அறியார்; கருவில் பாலினத்தைக் கண்டறிந்து கூறுவதை 1994-ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்கிறது. எனினும், “இதுவும் பெண்தானா?” என்ற ஒரு சொல் பேறுகாலக் கட்டிலில் கிடக்கும் தாயின் நெஞ்சைப் பிளப்பதை நாம் அறிவோம். பெண் சிசுவைக் கொல்லாதிருக்கும்படி, 1992-இல் தமிழக அரசே தொட்டில் குழந்தைத் திட்டம் கொண்டுவர நேர்ந்த நாடு இது. அச்சொல்லை உதிர்க்கக்கூடிய கைகள், குழந்தை பிறக்குமுன்னே அதற்காக இரண்டு மாதம் உழைத்திருக்கட்டும். தன் கையால் பின்னிய கட்டத்தில் பேத்தியைப் பொதிந்து வாங்கும் பாட்டனாருக்கு அக்கேள்வி நாவில் எழுவது அரிது.

முடிந்த போர்வையை மென்மையான சோப்பில் அலசி, வெயிலில் நன்கு உலர்த்துங்கள். ஒரு வயது நிரம்பாத குழந்தை உறங்கும்போது போர்வையைத் தளர்வாகப் போர்த்தி விட்டுச் செல்லலாகாது. முகத்தை மூடி மூச்சை அடைத்துவிடக்கூடும். மடியில் ஏந்தும்போதும் வெளியே தூக்கிச் செல்லும்போதும் பயன்படுத்துங்கள். குழந்தை வளர்ந்தபின் வேப்பிலை இட்டுப் பெட்டியில் வையுங்கள். அடுத்து வரும் பிள்ளை, அது எப்பிள்ளை ஆயினும், அதற்கும் அதே போர்வை ஆகும்.