கரியே கரி

கரி என்பது பல பொருள் குறித்த ஒரு சொல். யானையையும் கரி என்பர். சான்று கூறுவோனையும் கரி என்பர். சான்று என்னும் பொருளில் திருவள்ளுவரும் அச்சொல்லை ஆண்டிருக்கின்றார். அடுப்பிற் கனலும் கரியோ யாவரும் அறிந்தது. இடையின ரகரத்தை நீக்கி வல்லின றகரத்தை இட்டால் அதுவே கறியாகி இலையில் வந்து அமர்கின்றது. இச்சொற்களை ஈண்டு நினைவூட்டுவது இலக்கணம் பேசுதற்கன்று. கறி வாங்குவதில் நாம் காட்டும் கவலையிற் காற்பங்கேனும் கரி வாங்குவதிற் காட்டுவதில்லை என்னும் குறையை எடுத்துரைத்தற்கேயாம்.

இற்றை நாளில் மதுரை வீடுகளின் மொட்டைமாடிகளில், ஞாயிறு மாலைகளிலும் பண்டிகை நாட்களிலும், தணல் மூட்டி இறைச்சியும் மீனும் சுட்டுண்ணும் வழக்கம் பரவி வருகின்றது. பார்பிக்யூ என்னும் பெயர் புதிது, செயல் புதிதன்று. கரிகாற் பெருவளத்தான் பொருநனுக்கு அளித்த விருந்தைக் கூறும் பொருநராற்றுப்படையில், இருப்புக் கம்பியிற் கோத்துச் சுட்ட ஊனும் இடம்பெற்றுள்ளது. ஆதலின் இதனை மேனாட்டு மோகம் என்று ஒதுக்குவார் கூற்றை யான் ஏலேன். என் குறை வேறு. இறைச்சிக் கடையிலே வெள்ளாடா செம்மறியா, தொடையா விலாவா என்று நூறு கேள்வி கேட்கும் நம் இளைஞர், கரிக்கடையிலே ஒரு கேள்வியும் கேளாது, கட்டிவைத்த மூட்டையை வாங்கி வருகின்றனர். பின்னர்ப் புகை கண்ணைக் கரிக்கின்றது. மண்ணெண்ணெய் நாற்றம் மீனில் ஏறுகின்றது. புறம் கருகி அகம் வேகாதிருக்கின்றது. பழியோ ஆட்டின்மேலும் அடுப்படியில் நின்றவர்மேலும் விழுகின்றது. கரியைக் கேட்பாரில்லை. கேட்டால் அது தன் குணத்தைத் தானே கூறும். கரிக்குக் கரியே கரி.

கரி கூறும் சான்றை உணர்தற்கு, அது பிறக்கும் விதத்தை முதலில் அறிதல் வேண்டும். மதுரைக்குக் கிழக்கிலும் தெற்கிலும் பரந்து கிடக்கும் சமவெளியில், மானாமதுரை, திருச்சுழி, கமுதி, முதுகுளத்தூர்ப் பக்கங்களில் செல்வோர், மண் பூசிய குவியல்களிலிருந்து வெண்புகை எழுவதைக் கண்டிருப்பர். அவையே கரிமூட்டங்கள். வெட்டிய விறகை நெருக்கமாய் அடுக்கி, தழையும் வைக்கோலும் பரப்பி, ஈரமண்ணால் மூடித் தீ வைப்பர். காற்று சிறு புழைகளின் வழியே மட்டும் அளவாய்ச் செல்லும். விறகு எரிந்து சாம்பலாகாமல், வெந்து கரியாவதே இதன் நுட்பம். முதலில் விறகின் ஈரம் தடித்த வெண்புகையாய் வெளியேறும். பின்னர் மரத்தின் பிசினும் எண்ணெயும் ஆவியாய்ப் பிரியும். புகை மெலிந்து நீலம் பாய்ந்தபின் புழைகளை அடைத்து, முற்றும் ஆறும்வரை காத்திருப்பர். ஒரு கிலோ கரிக்கு நாலைந்து கிலோவுக்குக் குறையாத விறகு செலவாகின்றது. ஆயினும் உலர்ந்த விறகு ஒரு கிலோவில் ஏறத்தாழ 4,000 கிலோகலோரி வெப்பம் இருக்க, நல்ல கரியில் ஏறத்தாழ 7,000 இருக்கின்றது. என் தாயின் ஊர் திருச்சுழிப் பக்கத்தது. இராப் பகல் விழித்து மூட்டத்தைச் சுற்றிவந்து, மண் வெடித்த இடத்தையெல்லாம் பூசி அடைக்கும் தொழிலாளரை இளமை முதல் கண்டிருக்கின்றேன். அவர் ஒருநாள் அவசரப்பட்டு மூட்டத்தைப் பிரிப்பாராயின், உட்புறம் வேகாத கொள்ளிக்கட்டை நம் மூட்டைக்குள் வந்துவிடும்.

இனிக் கரியின் சான்றைக் கேட்போம். இரண்டு துண்டுகளை ஒன்றோடொன்று தட்டுக. நன்கு வெந்து உலர்ந்த கரி, உடைந்த பானையோடு போன்று கணீரென ஒலிக்கும். ஈரக்கரியும் வேகாக்கரியும் மரத்தைத் தட்டினாற்போல மந்தமாய் ஒலிக்கும். அடுத்து ஒன்றை உடைத்துப் பார்க்க. முறிந்த முகம் கருமையாய் மினுமினுப்பின் அது தேர்ந்த கரி. நடுவே பழுப்பு நிறமும் நாரும் தோன்றின் அது புகைக்கும் கரி. விரலால் தடவுக. நல்ல கரி விரலை அதிகம் கறுப்பாக்குவதில்லை. பின்னர் மூட்டையின் அடியைக் காண்க. தூளும் நொறுங்கலும் மிகுந்திருப்பின் அவை துண்டுகளுக்கிடையே புகுந்து காற்றை அடைக்கும். முட்டையினும் சற்றுப் பெரிய துண்டுகளே வீட்டடுப்புக்கு ஏற்றவை. ஐப்பசி, கார்த்திகையில் வாங்கிய கரியாயின், ஒருநாள் வெயிலிற் காயவைத்த பின்னரே பயன்படுத்துக. கரி காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயல்பினது. ஈரக்கரி அடுப்பில் வெடித்துப் பொறி சிதறும்.

எம்மரத்தின் கரியை வாங்குவது என்னும் வினா அடுத்து எழுகின்றது. சிரட்டைக்கரி சூடு மிக்கது, சாம்பல் குறைந்தது, காங்கேயம் பக்கத்தில் இதனைச் சுடுவது பெருந்தொழில். சலவைப் பெட்டிக்கு இதனை விரும்புவர். மெல்லிய ஓடாதலின் சிறு துண்டுகள் விரைவில் அடங்கிவிடும். அழகிய பெட்டிகளில் விற்கப்படும் கரிக்கட்டிகளோ, கரித்தூளை மாவுப்பசையிற் குழைத்து அழுத்திச் செய்தவை. அமெரிக்காவில் 1920களில் ஃபோர்டு மோட்டார் நிறுவனம் தன் மர ஆலையின் கழிவைக் கரியாக்கி இவ்வாறு கட்டிகளாய் விற்றது. ஒரே அளவாய் நின்று எரிதல் அவற்றின் நன்மை. ஆனால் பெட்டி அழகாயிருத்தலால் உள்ளிருப்பது உயர்ந்ததென்று எண்ணற்க.

நம் சமவெளிக்கு உரியது சீமைக் கருவேலங் கரியே என்பது என் துணிபு. அதன் விறகு கனமும் உறுதியும் உடையது. கரி நெடுநேரம் நின்று கனலும். அமெரிக்காவின் டெக்சாசு மாகாணத்தில், இம்மரத்தின் நெருங்கிய இனமாகிய மெஸ்கீட்டின் விறகையும் கரியையும் இறைச்சி சுடுவதற்கென்றே தேடி வாங்குகின்றனர். நாமோ வீட்டு வாயிலில் இருப்பதை மதியாது, ‘முள்ளுக்கரி’ என்று இகழ்கின்றோம்.

இங்கு ஒரு தடையை எழுப்புவாருளர். சீமைக் கருவேலம் நம் நாட்டு மரமன்று. கண்மாய்களையும் தரிசுகளையும் கவர்ந்துகொண்டது. 2017ஆம் ஆண்டில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையின் ஆணைகளால் தென் மாவட்டங்களெங்கும் அதனை அகற்றும் பணி நடந்ததும், அவ்வாண்டிலேயே அப்பணிக்கு இடைக்காலத் தடை வந்ததும், அயல் தாவரங்களைக் கட்டுப்படுத்தற்கெனத் தமிழக அரசு 2022இல் ஒரு கொள்கையை வகுத்ததும் பலர் அறிந்தவை. ‘அம்மரத்தின் கரிக்கு விலை உண்டாயின் அதனை ஒழிக்க யார் முன்வருவர்? அதை வளர்க்கவன்றோ விரும்புவர்?’ என்பது அவர் வினா. இது தள்ளத்தக்க வினாவன்று. வெறுமனே வெட்டி விட்ட தூர் மீண்டும் தழைக்கும் என்பதும் உண்மையே. ஆயினும் யான் கூறும் விடை இது: வேரோடு தோண்டி அகற்றுதற்குப் பெருஞ்செலவு உண்டு, தோண்டிய தூரையும் வேரையும் கரியாக்கி விற்பதே அச்செலவை ஈடுசெய்யும் வழி. கண்மாயிலும் வாய்க்காலிலும் நிற்பதை வேரோடு எடுப்போம். வேறொன்றும் விளையாத தரிசில் நிற்பதை, மாற்றுப் பிழைப்பு அமையும்வரை அவ்வூரார்க்கு விடுவோம். மழை பொய்த்த ஆண்டுகளில் அவர்களுக்குச் சோறிட்டது அம்முள்மரமே என்பதை, நகரத்தில் இருந்து தீர்ப்புக் கூறுவோர் மறத்தலாகாது. மேலும், நாம் கேளாமல் வாங்கும் மூட்டையிற் புளியும் வேம்பும் மலைக்காட்டு மரமும் வெந்து கிடக்கக்கூடும். வெட்டவேண்டாத மரத்தின் கரியை விடுத்து வெட்டவேண்டிய மரத்தின் கரியை வாங்குவது, நுகர்வோர் எளிதிற் செய்யக்கூடிய நன்மையாகும். ‘இது எம்மரத்துக் கரி?’ என்னும் ஒரு கேள்வி போதும்.

நிற்க. நல்ல கரியையும் கெடுப்பது பற்றவைக்கும் முறை. இதில் முதல் விதி, மண்ணெண்ணெய் வேண்டா என்பது. அதன் நாற்றம் உணவில் ஏறும். அணைந்தது போலத் தோன்றும் தணலின்மேல் ஊற்றின் தீ குப்பென்று கைமேற் பாயும். காய்ந்த தேங்காய்நார், பன்னாடை, சிரட்டைத் துண்டு ஆகிய இவை நம் வீடுகளில் வீணே கிடப்பவை. இருபுறமும் திறந்த ஒரு பழந்தகர டப்பாவை எடுத்து, அடிப்பக்கத்தைச் சுற்றித் துளைகள் இடுக. அடியில் நாரும் மேலே கரியும் இட்டு, கீழிருந்து தீ வைக்க. சூடான காற்று மேலேற, புதுக்காற்று துளைவழியே தானே உட்புகும். விசிறியும் வேண்டா, ஊதுகுழலும் வேண்டா. கால்மணி முதல் இருபது நிமிடத்தில் மேற்கரியும் பற்றிவிடும். பின் இடுக்கியாற் பிடித்து அடுப்பிற் கொட்டுக.

உடனே இறைச்சியை வைக்கலாகாது. கொழுந்துவிட்டு எரியும்போது சுடுவது கருக்குவதேயன்றிச் சமைப்பதன்று. சுவாலை அடங்கி, துண்டுகளின்மேல் சாம்பல் வெள்ளை பூத்தபோதுதான் கரி ஆயத்தமாயிற்று என்று பொருள். உள்ளங்கையைத் தணலுக்குச் சாண் உயரத்தே பிடித்து எண்ணுக. மூன்று எண்ணுமுன் கை பின்வாங்கின், மீனுக்கும் மெல்லிய துண்டுகளுக்கும் ஏற்ற சூடு. ஐந்தாறு எண்ணும்வரை பொறுப்பின், எலும்போடு கூடிய கோழிக்காலுக்கு ஏற்ற சூடு. தணலை ஒருபுறம் ஒதுக்கி மறுபுறத்தை வெறுமையாய் விடுக. கொழுப்புச் சொட்டித் தீ எழும்போது துண்டுகளை அப்புறம் நகர்த்தலாம். இவ்வளவும் பொறுமையே. வேறு வித்தை இதில் இல்லை.

இதுகாறும் கரி தன்னைப் பற்றித் தானே சான்று கூறிற்று: ஒலியால், ஒளியால், புகையால், சாம்பலால். ஆனால் ஒன்றை மட்டும் அது ஒருபோதும் கூறுவதில்லை. கனலும் கரி கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயுவைக் கக்குகின்றது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. குருதியிலுள்ள ஹீமோகுளோபினோடு அது உயிர்வளியினும் இருநூறு மடங்குக்கு மேல் உறுதியாய்ப் பிணைகின்றது. முதலில் தலைவலியும் மயக்கமும் தோன்றும். உறங்குவோர்க்கு அந்த எச்சரிக்கையும் இல்லை. வேகாக்கரியின் புகையேனும் நம்மை இருமச் செய்து வெளியே துரத்தும். நன்கு தேர்ந்தெடுத்த கரியோ புகையின்றி, இனிய வெம்மையோடு, அருகில் அமர அழைக்கும். கரி எவ்வளவு நல்லதோ அவ்வளவுக்கு அது மூடிய அறையில் நம்மை ஏமாற்றும்.

2024ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், நமக்கு அண்மையிலுள்ள கோடைக்கானலில், சுற்றுலாச் சென்ற இளைஞர் இருவர் இறைச்சி சுட்ட கரியடுப்போடு ஓர் அறையில் உறங்கினர். மறுநாட் காலை அவர்கள் எழவில்லை. குளிருக்கு இதமாய் இருக்குமென்றே பலரும் அடுப்பை உள்ளே கொண்டுவருகின்றனர். விடுமுறை தோறும் நம் மாணவர் குழுக்கள் அம்மலைக்குச் செல்கின்றன. அடுப்பும் கரியும் இப்போது சிறு பெட்டியில் அடங்கி உடன் செல்கின்றன. ஆதலின் இதனைத் தொலைவிலுள்ளார் கதையாகக் கொள்ளுதல் தகாது.

அன்பர்களே, விதி இரண்டே சொற்களில் அடங்கும்: வெளியில் மூட்டுக, வெளியிலேயே விடுக. சாம்பல் பூத்துக் கிடப்பதைக் கண்டு அணைந்ததென்று நம்பற்க. உள்ளே பல மணிநேரம் கனல் இருக்கும். மூடியிட்டுக் காற்றை அடைத்தோ, நீரில் முற்ற நனைத்தோ அணைத்து, கை வைத்துக் குளிர்ந்ததை உறுதிசெய்த பின்னரே உறங்கச் செல்லுக. சன்னல் ஒன்றைத் திறந்து வைத்திருக்கின்றோமே என்பது போதிய காவலன்று. கரி எல்லாவற்றுக்கும் கரியாயினும் இந்நஞ்சுக்கு மட்டும் கரியாகாது. ஆதலின் அறிந்தவர் அறியாதார்க்குச் சொல்லுதல் வேண்டும். அடுத்த விடுமுறைக்கு மூட்டை கட்டும் நண்பர் கரி வாங்கப் புறப்படும்போது, தட்டிப் பார்த்து வாங்கும் விதத்தோடு இதனையும் அவர்க்குச் சொல்லி அனுப்புவோமாக.