சிபாரிசுக் கடிதத்துக்கு நீண்ட கைகள்

ஊரிலிருந்து உறவினர்கள் வரும்போதெல்லாம் ஒரு கேள்வி வரும்: “உங்க தொகுதி எம்.எல்.ஏ. யாரு?” எங்களுக்கு எம்.எல்.ஏ. கிடையாது என்றால் நம்ப மாட்டார்கள். மதுரையிலும் ராமநாதபுரத்திலும் எம்.எல்.ஏ. இல்லாத ஊரை அவர்கள் பார்த்ததில்லை. அந்தமான் நிகோபார் தீவுகளுக்குச் சட்டமன்றம் இல்லை, மாநிலங்களவையிலும் இடமில்லை. எங்களுக்காகச் சட்டம் செய்யும் இடத்தில் எங்கள் வாக்கால் உட்கார்ந்திருப்பவர் ஒரே ஒருவர்தான். மக்களவையில் இருக்கும் 543 பேரில் ஒருவர்.

இதை ஒரு குறையாகச் சொல்லிச் சொல்லியே எங்கள் தலைமுறை வயதாகிவிட்டது. புதுச்சேரிக்கு 30 உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கும் சட்டமன்றம் இருக்கிறது, நமக்கு ஏன் இல்லை என்று டீக்கடையிலும் சங்கக் கூட்டத்திலும் கேட்டிருக்கிறோம். நியாயமான கேள்விதான். அரசியலமைப்பின் 240ஆம் பிரிவுப்படி இந்தத் தீவுகளுக்கான ஒழுங்குமுறைகளைக் குடியரசுத் தலைவரே பிறப்பிக்கலாம். நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தைக்கூட இந்தத் தீவுகளைப் பொறுத்தவரை அந்த ஒழுங்குமுறைகள் திருத்தலாம், நீக்கலாம். அவ்வளவு அதிகாரம் டெல்லியில் இருக்கும்போது இங்கே ஒரு அவை வேண்டும் என்பதில் தவறில்லை.

ஆனால் இன்று எழுத வந்தது அந்தக் குறையைப் பற்றி அல்ல, நம்முடைய குறையைப் பற்றி. இல்லாததைக் காட்டி, இருந்ததைப் பாழாக்கினோம். ‘நாம்’ என்று சொல்லும்போது அதில் முதல் ஆளாக நான் நிற்கிறேன்.

அந்த ஒற்றை இடம் நமக்கு எப்படிக் கிடைத்தது என்பதையே மறந்துவிட்டோம். முதல் மூன்று மக்களவைகளில் இந்தத் தீவுகளின் உறுப்பினரைக் குடியரசுத் தலைவர்தான் நியமித்தார். 1952இல் முதலில் நியமிக்கப்பட்டவர் ஜான் ரிச்சர்ட்சன். கார் நிகோபாரில் பிறந்த நிகோபாரி, ஆயர், நிகோபாரி மொழியில் விவிலியத்தைக் கொண்டுவந்தவர், ஜப்பானியர் ஆண்ட கொடிய ஆண்டுகளைத் தன் மக்களோடு இருந்து கடந்தவர். 1967இல்தான் தீவு மக்கள் முதன்முறையாக வாக்களித்துத் தங்கள் உறுப்பினரைத் தேர்ந்தெடுத்தார்கள். வென்றவர் கே.ஆர். கணேஷ். பிறகு நிதித்துறையில் இணையமைச்சராகவும் இருந்தார். அவருக்குப் பின் மனோரஞ்சன் பக்தா எட்டு முறை வென்றார். நாடு விடுதலையடைந்து 20 ஆண்டுகள் காத்திருந்து கிடைத்த வாக்கு இது. நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இந்தப் பெயர்கள் தெரியும்? சொல்லிக் கொடுத்தால்தானே தெரியும். நாம் சொல்லிக் கொடுக்கவில்லை.

அந்த ஒருவரிடம் இத்தனை காலமும் எதைக் கேட்டோம்?

கப்பல் டிக்கெட் கேட்டோம். சென்னைக்குப் போகும் கப்பலில் பங்க் கிடைக்காதபோது, ரங்கத்துக்கோ ஹட் பேவுக்கோ போகும் படகில் இடமில்லாதபோது, ஒரு தாளை எடுத்துக்கொண்டு போய் நின்றோம். டி.ஆர்.எம். என்ற தினக்கூலி வேலையில் இருக்கும் மகனை நிரந்தரமாக்கக் கேட்டோம். மாற்றலை நிறுத்தக் கேட்டோம். மெயின்லேண்ட் ஆஸ்பத்திரிக்கு ரெஃபர் ஆன நோயாளியோடு துணைக்குப் போக உதவி கேட்டோம். வீடு நிற்கும் நிலம் என்க்ரோச்மென்ட் பட்டியலில் வந்துவிட்டது, இடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்டோம்.

இவற்றைக் கேட்டது தவறு என்று நான் சொல்லவில்லை. 1,200 கிலோமீட்டர் கடலுக்கு அப்பால் தாய் சாகக் கிடக்கும்போது கப்பல் டிக்கெட் சின்ன விஷயமில்லை. நானும் அப்படி நின்றிருக்கிறேன். கடிதம் கிடைத்தது, டிக்கெட்டும் கிடைத்தது. திரும்பி வரும்போது மனம் நிறைந்திருந்தது. வரிசையில் எனக்கு முன்னால் நின்றவருக்கு ஏன் கிடைக்கவில்லை என்று அன்று எனக்குத் தோன்றவே இல்லை.

அதுதான் நம் குற்றம். நூறு பேர் நூறு கடிதம் கேட்டோம். நூறு பேர் சேர்ந்து ஒரு கேள்வி கேட்கவில்லை. ஏன் கப்பல் இத்தனை குறைவு? பழுது பார்க்கப் போன கப்பலுக்குப் பதிலாக வேறொன்று ஏன் வருவதில்லை? பத்து, பதினைந்து ஆண்டுகளாக உழைப்பவர் ஏன் இன்னும் தினக்கூலி? இவை சிபாரிசால் தீர்கிற விஷயங்கள் அல்ல, அவையில் எழுப்பி அமைச்சரிடமிருந்து பதில் வாங்க வேண்டியவை. சிபாரிசு வரிசையில் ஒருவரை முன்னால் தள்ளும், வரிசையைக் குறைக்காது.

மக்களவை உறுப்பினரின் முதல் வேலை என்ன என்று நாம் ஒருநாளும் கேட்டறியவில்லை. கூட்டம் நடக்கும் நாட்களில் முதல் ஒரு மணி நேரம் கேள்வி நேரம். ஒரு உறுப்பினர் 15 நாட்களுக்கு முன் எழுதிக் கொடுத்தால் எந்த அமைச்சகத்திடமும் கேள்வி கேட்கலாம். நட்சத்திரக் கேள்வி என்றால் அமைச்சர் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டும், மற்றவற்றுக்கு எழுத்தில் பதில் வரும். விதி 377இன் கீழ் தொகுதிப் பிரச்சினையைப் பதிவு செய்யலாம். வெள்ளிக்கிழமைகளில் தனிநபர் மசோதாவும் கொண்டுவரலாம். கேட்ட கேள்வி, வந்த பதில் எல்லாம் அச்சில் இருக்கிறது, மக்களவையின் இணையதளத்திலும் கிடைக்கிறது. எடுத்துப் படித்தவர் நம்மில் யார்? டெய்லி டெலிகிராம்ஸ் பத்திரிகையைக் கையில் எடுத்தால் கப்பல் நேரத்தைப் பார்த்துவிட்டு மடித்து வைத்தோம். நம் உறுப்பினர் இந்த ஆண்டு நமக்காக என்ன கேட்டார் என்று எந்தச் சங்கத்திலும் ஒரு மாலை உட்கார்ந்து பேசவில்லை.

கேட்கப்படாத உறுப்பினர் எந்தக் கட்சியைச் சேர்ந்தவராக இருந்தாலும் நாளடைவில் கேட்கப்படுகிற வேலையைத்தான் செய்வார். நாம் கல்யாணத்துக்கு வந்தாரா, காதுகுத்துக்கு வந்தாரா, வெற்றிமலை முருகன் கோயில் திருவிழாவில் தலைகாட்டினாரா என்று பார்த்தோம். வந்தவரை நல்லவர் என்றோம். அவர் மக்களவையில் வாய் திறந்தாரா என்று பார்க்கவில்லை. தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 5 கோடி ரூபாய். அதில் எந்தத் தீவில் எந்த வேலை நடந்தது என்று கணக்குக் கேட்கவும் இல்லை.

ஒற்றை வாக்கின் மதிப்பும் நமக்குத் தெரியாமல் இல்லை. 2019 தேர்தலில் வென்றவருக்கும் தோற்றவருக்கும் இடையே 1,407 வாக்குகளே வித்தியாசம். இந்தத் தீவுகளில் ஏறக்குறைய ஏழு பேரில் ஒருவருக்குத் தாய்மொழி தமிழ் என்று 2011 மக்கள்தொகைக் கணக்கு சொல்கிறது. அந்த எடையை வைத்து நாம் பேசியதெல்லாம் “தமிழர் ஒருவருக்குச் சீட்டு”, “தமிழர் ஒருவருக்குப் பதவி” என்பதுதான். தமிழ் வழிப் பள்ளிகளின் நிலை என்ன, ஆசிரியர் இடங்கள் ஏன் காலியாக இருக்கின்றன என்பதை அந்தப் பேரத்தில் நாம் வைக்கவில்லை.

அடுத்தது கிராம சபை. இதைச் சொல்லத்தான் எனக்கு அதிகமாகக் கூசுகிறது. 1994இல் பஞ்சாயத்து ஒழுங்குமுறை வந்தது. வாக்காளர் பட்டியலில் பெயருள்ள எல்லோரும் கிராம சபையின் உறுப்பினர். சட்டமன்றம் இல்லாத மண்ணில் நாமே எழுந்து நின்று பேசக்கூடிய ஒரே அவை இதுதான். ஒரு முறை எங்கள் பஞ்சாயத்தில் கூட்டத்துக்கு ஆள் சேரவில்லை. மறுநாள் வருகைப் பதிவேடு வீடு வீடாக வந்தது. என் வாசலுக்கும் வந்தது. போகாத கூட்டத்துக்கு நான் கையெழுத்துப் போட்டேன். அந்தக் கூட்டத்தின் பெயரில் என்ன தீர்மானம் நிறைவேறியது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. எனக்கு முன் கையெழுத்திட்டவர்களின் பட்டியல் நீளமாக இருந்தது என்பது மட்டும் நினைவிருக்கிறது.

2024 செப்டம்பரில் போர்ட் பிளேரின் பெயர் ஸ்ரீ விஜயபுரம் என்று மாறியது. புதுப் பெயர் நல்லதா இல்லையா என்பதில் நமக்குள் இரண்டு கருத்து இருக்கலாம். நாம் வாழும் ஊரின் பெயர் மாறியதைச் செய்தியில் கேட்டுத் தெரிந்துகொண்டோம். நம்மையும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்ற எண்ணம்கூட நம்மில் பலருக்கு எழவில்லை. கேட்காமலே இருந்து பழகியவர்களுக்கு, கேட்கப்படாமல் இருப்பதும் பழகிவிடுகிறது.

இன்னொரு ஒப்புதலும் பாக்கி இருக்கிறது. நமக்கென்று கேட்கத் தெரிந்த அளவுக்கு மற்றவர்க்காகக் கேட்கத் தெரியவில்லை. 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து அனுப்பப்பட்ட மலையகத் தமிழரில் சிலர் கச்சாலின் ரப்பர் தோட்டத்துக்கு வந்தார்கள். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் மிகக் கொடுமையாக அடிபட்ட தீவுகளில் ஒன்று கச்சால். அந்த வாரம் அரிசியும் துணியும் சேர்த்தோம். அடுத்த ஆண்டு யார் நினைத்தோம்? நம் இனத்தாருக்கே இதுதான் என்றால், நிகோபாரி, ஷோம்பென் பழங்குடிகளுக்கு எங்கே குரல் கொடுத்திருப்போம்? கிரேட் நிகோபாரில் துறைமுகம், விமான நிலையம், நகரம், மின்நிலையம் என்று 166 சதுர கிலோமீட்டரில் ஒரு திட்டம். அதில் 130 சதுர கிலோமீட்டருக்கு மேல் காடு. 2022இல் அங்குள்ள பழங்குடி மன்றம் தான் கொடுத்த ஒப்புதலைத் திரும்பப் பெற்றுக் கடிதம் எழுதியது. திட்டம் வேண்டும் என்போரும் வேண்டாம் என்போரும் நம்மில் உண்டு. ஆனால் அந்தக் கடிதத்தில் என்ன எழுதியிருந்தது என்று கேட்டவர் மிகக் குறைவு. இந்தத் தீவுகளின் முதல் நாடாளுமன்ற உறுப்பினர் ஒரு நிகோபாரி. அவர் மக்கள் எழுதிய கடிதத்தை நாம் வாங்கிப் படிக்கவில்லை.

எல்லோருக்கும் பொதுவாகக் கிடைப்பது என்றால் என்ன என்று நமக்குத் தெரியாமலும் இல்லை. இணையம் இல்லாமல் எல்லா இனத்தாரும் ஒரே மாதிரி தவித்த காலம் உண்டு. அது எந்த வீட்டின் தனிக்குறையாகவும் இருக்கவில்லை. 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து கடலடி ஒளியிழை வடம் வந்து சேர்ந்தது. சிபாரிசுக் கடிதத்தால் ஒரு வீட்டுக்கு மட்டும் கிடைத்திருக்கக்கூடியதல்ல அது. தீவுக்குக் கிடைத்ததால் வீட்டுக்கும் கிடைத்தது. கப்பலும் ஆஸ்பத்திரியும் பள்ளியும் அப்படிப்பட்டவைதான்.

நாளைக்கே 30 எம்.எல்.ஏ.க்கள் வந்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். இன்றைய பழக்கத்தோடு போனால், தாளை நீட்ட இன்னும் 30 வாசல்கள் கிடைக்கும். அவ்வளவுதான். சட்டமன்றம் நமக்கு வர வேண்டும், அதைத் தொடர்ந்து கேட்போம். ஆனால் கேள்வி கேட்கத் தெரிந்த மக்களாக அதைக் கேட்போம்.

தீவில் இருக்கும் அண்ணன்மாரே, அக்காமாரே, தம்பி தங்கைகளே, உங்கள் முன் வைக்க எனக்குச் சில வேண்டுகோள்கள் உண்டு. அடுத்த கிராம சபைக்குப் போங்கள். பதிவேடு வாசலுக்கு வந்தால் கையெழுத்துப் போடாமல் திருப்பி அனுப்புங்கள். ஒவ்வொரு மக்களவைக் கூட்டத்தொடருக்கு முன்பும் வங்காளி, தெலுங்கர், மலையாளி, ராஞ்சிக்காரர், நிகோபாரி என்று அக்கம்பக்கத்தாரோடு உட்கார்ந்து, எல்லோருக்கும் பொதுவான ஒரு கேள்வியை எழுதி நம் உறுப்பினரிடம் கொடுங்கள். கூட்டத்தொடர் முடிந்ததும் அதே ஆட்கள் மறுபடி போய், என்ன பதில் வந்தது என்று கேளுங்கள்.

அடுத்த கூட்டத்துக்கு நான் போகிறேன். என் கையெழுத்தை அங்கே உட்கார்ந்துதான் போடுவேன்.