ஜூன் 16 சுங்கை சிப்புட்டின் நாள்
நாளிதழைப் பிரித்ததும் 'இன்று பிறந்தவர்கள்', 'வரலாற்றில் இன்று' பெட்டிகளைத் தேடுகிறவர்கள் நம்மில் அதிகம். ஜூன் 16 என்றால் இந்தி நடிகர் மிதுன் சக்கரவர்த்தி வருவார். ஹிட்ச்காக்கின் 'சைக்கோ' 1960இல் நியூயார்க்கில் வெளியானதும், 1963இல் தெரெஷ்கோவா முதல் பெண்ணாக விண்ணுக்குப் போனதும் வரும். வரட்டும். ஆனால் பேராக் தமிழர்களுக்கு அந்தத் தேதி முதலில் சுங்கை சிப்புட்டைத்தான் சொல்ல வேண்டும். 1919இல், பின்னாளில் ம.இ.கா. தலைவரான துன் வீ.தி. சம்பந்தன் அங்கே பிறந்த நாள் அது. அவருக்கு 29 வயது நிறைந்த 1948 ஜூன் 16 காலையில், அதே வட்டாரத்து எல்பில் தோட்டத்துத் துரை ஆர்தர் வாக்கர் தம் அலுவலகத்திலேயே கம்யூனிஸ்டுகளால் சுட்டுக் கொல்லப்பட்டார். சற்று நேரத்தில் இன்னொரு தோட்டத்தில் மேலும் இருவர். இரண்டே நாளில் மலாயா முழுவதும் அவசரகாலம். 12 ஆண்டுகள் நீடித்தது.

அது முடிந்த 1960இல், வெள்ளைக்காரர்கள் விற்ற தோட்டங்கள் துண்டாடப்பட்டு லயத்துச் சனம் வீடும் வேலையும் இழந்து நின்றபோது, தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார் சம்பந்தன். மரம் சீவிய கைகள் மாதம் பத்து வெள்ளியாகக் கட்டிய பங்குப் பணத்தில் முழுத் தோட்டங்களே வாங்கப்பட்டன! எந்த நட்சத்திரத்தின் பிறந்தநாளுக்கும் குறைந்த செய்தியா இது? ஈப்போவில் பிறந்த மிஷல் யோவை ஆகஸ்ட் 6இல் பெருமையோடு நினைக்கிறோம், நியாயமான பெருமை. அதே பெருமையோடு, தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களே, வரும் ஜூன் 16 சபைகூடலில் இந்த வரலாற்றை ஒரு மாணவரைக் கொண்டு படிக்கச் செய்யுங்கள்.