சிக்ரி நாற்காலியும் ஜவுளிக்கடை ஸ்டூலும்: பணியிடத்தில் எல்லோருக்கும் இடம் எப்போது?

2019 பிப்ரவரியில் காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்தின் இயக்குநர் நாற்காலியில் முதல்முறையாக ஒரு பெண் உட்கார்ந்தார். ஊர்க்காரர்களுக்கு அது ‘சிக்ரி’. அம்பாசமுத்திரத்துக்காரரான நல்லதம்பி கலைச்செல்வி, தமிழ்வழியில் பள்ளிப் படிப்பு படித்தவர். அதே சிக்ரியில் தொடக்கநிலை விஞ்ஞானியாகச் சேர்ந்து, பேட்டரி ஆராய்ச்சியில் காலத்தைச் செலவிட்டு, படிப்படியாக மேலே வந்தவர். 2022 ஆகஸ்டில் அவரை மத்திய அரசு, நாடு முழுவதும் முப்பதுக்கும் மேற்பட்ட ஆய்வகங்களை நடத்தும் அறிவியல் மற்றும் தொழிலக ஆராய்ச்சி கவுன்சிலின் தலைமை இயக்குநராக்கியது. அந்தப் பதவிக்கும் அவரே முதல் பெண்.

அதற்கு ஓராண்டு முன்னால், 2021 செப்டம்பரில், தமிழகச் சட்டப்பேரவையில் ஒரு சின்ன மசோதா வந்தது. கடைகளில் வேலை பார்ப்பவர்கள் உட்கார இருக்கை போட வேண்டும் என்பதுதான் அதன் சாரம்.

ஒன்று விஞ்ஞானியின் நாற்காலி, இன்னொன்று ஜவுளிக்கடைப் பெண்ணின் ஸ்டூல். இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றலாம். கல்லூரிச் சாலையில் இருக்கும் சிக்ரி வளாகத்துக்கும் காரைக்குடிக் கடைவீதிக்கும் தூரம் அதிகமில்லை. ‘எல்லோரையும் உள்ளடக்கிய தலைமை’ என்று இப்போது நிர்வாகப் பயிற்சி வகுப்புகளில் அடிக்கடி பேசப்படும் விஷயத்தை இந்த இரண்டு இருக்கைகளை வைத்தே புரிந்துகொள்ளலாம்.

அப்படி என்றால் என்ன?

நாலு விதமான ஆட்களை வேலைக்கு வைத்துக்கொள்வது ஒரு விஷயம். அவர்கள் பேசினால் காது கொடுப்பது, பழகிய வேலையில் அவர்களை மேலே கொண்டுபோவது, உடம்புக்கு முடியாதபோது மனிதராக நடத்துவது வேறு விஷயம். முதலாவதை வருகைப் பதிவேட்டைப் பார்த்தே சொல்லிவிடலாம். இரண்டாவது அந்த இடத்துக்குப் பொறுப்பானவர் தினமும் எப்படி நடந்துகொள்கிறார் என்பதில்தான் தெரியும். கடையில் முப்பது பெண்கள் வேலை பார்க்கிறார்கள், ஆனால் ஃப்ளோர் சூப்பர்வைசரில் இருந்து கல்லாவில் உட்காருபவர் வரை எல்லோரும் ஆண்கள் என்றால், அங்கே பெண்களுக்கு வேலை இருக்கிறது, இடம் இல்லை.

கீழிருந்து ஆளை வளர்த்து மேலே கொண்டுவருவது செட்டிநாட்டுக்குப் புதிதல்ல. பர்மா, மலேயா, இலங்கை என்று கடல் கடந்து லேவாதேவி நடத்திய நகரத்தார் கடைகளில் அதற்கு ஒரு தெளிவான ஏணி இருந்தது. சின்ன வயதில் ‘பெட்டியடிப் பையன்’ ஆகச் சேருவார். பெட்டிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து எடுபிடி வேலை, கணக்கு, கடிதம் எல்லாம் பழகுவார். பிறகு ‘அடுத்தாள்’. தேறினால் ‘மேலாள்’ ஆகி, முதலாளியின் பணத்துக்கே பொறுப்பாளர். மூன்று ஆண்டுக் கணக்கு முடித்து ஊர் திரும்புவார். இப்படிப் பழகித் தேறியவர்கள் பின்னாளில் சொந்தக் கடை வைத்ததும் உண்டு. நவீன நிர்வாகக் கல்லூரிகள் கற்றுத்தரும் ‘மென்டரிங்’ சமாச்சாரத்தை எழுத்தில் வைக்காமலே நடத்திக் காட்டிய முறை அது.

ஆனால் அந்த ஏணியில் ஏற அனுமதி பெரும்பாலும் சொந்தச் சமூகத்துப் பையன்களுக்கு மட்டும்தான். கணவர் அக்கரையில் இருந்த ஆண்டுகளில் பெரிய வீட்டின் வரவு செலவு, நல்லது கெட்டது அத்தனையையும் கவனித்த ஆச்சிமார்கள் கணக்கில் யாருக்கும் சளைத்தவர்கள் இல்லை. சிறுவாட்டுப் பணத்தை வட்டிக்கு விட்டுப் பெருக்கியவர்கள் அவர்கள். பெட்டியடியில் அவர்களுக்கு இடம் கிடையாது. ‘நம்ம ஆளா?’ என்று கேட்டு வேலை கொடுக்கும் பழக்கம் இன்றைக்கும் எந்த ஊர்க் கடைவீதியிலும் முழுக்கப் போய்விடவில்லை. நம்பிக்கையான ஆள் வேண்டும் என்று முதலாளி நினைப்பதில் தப்பில்லை. நம்பிக்கையைச் சாதியிலும் சொந்தத்திலும் மட்டுமே தேடுவதுதான் சிக்கல்.

66 ஆண்டுக் காத்திருப்பு

சிக்ரி உருவான கதை காரைக்குடியில் பலருக்கும் மனப்பாடம். வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் தந்தார். 1948 ஜூலையில் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14 அன்று, அப்போதைய குடியரசுத் துணைத் தலைவர் ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். அன்று முதல் 2019 வரை, 66 ஆண்டுகளாக இயக்குநர்கள் எல்லோரும் ஆண்கள். 1942-இல் தொடங்கிய தாய் நிறுவனமான கவுன்சிலுக்கு ஒரு பெண் தலைமை ஏற்க 80 ஆண்டு ஆனது.

இந்த இடத்தில் ‘முதல் பெண்’ என்ற தலைப்புச் செய்தியோடு நின்றுவிடுவது வழக்கம். கவனிக்க வேண்டியது வேறு. கலைச்செல்வி வெளியிலிருந்து நேராக அந்த நாற்காலிக்கு வந்தவர் அல்ல. அதே ஆய்வகத்தின் கீழ்ப்படியில் இருந்து வந்தவர். ஆக, படிகள் இருந்தன. அவற்றில் ஏறித் தாக்குப்பிடித்தவர்கள் குறைவு. திருமணம், பிரசவம், பிள்ளை வளர்ப்பு, வயதான மாமனார் மாமியார் என்று நடுவில் இறங்கிப்போன பெண் விஞ்ஞானிகள் எத்தனை பேர் என்பதை எந்த நிறுவனத்தின் பெயர்ப்பலகையும் காட்டாது. வேலையில் இடைவெளி விட்ட பெண்கள் ஆராய்ச்சிக்குத் திரும்புவதற்கென்றே மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை தனித் திட்டம் நடத்த வேண்டியிருப்பதே அதற்குச் சாட்சி. கலைச்செல்வி தலைமைப் பொறுப்பில் இருந்தபோது, 2023 மகளிர் தினத்தையொட்டி, பெண் விஞ்ஞானிகளுக்கு மட்டுமான ‘ஆஸ்பயர்’ ஆராய்ச்சி நிதித் திட்டத்தைக் கவுன்சில் அறிவித்தது. தான் ஏறி வந்த ஏணியைப் பின்னால் வருபவருக்குப் பிடித்துக்கொள்வது என்று இதைச் சொல்லலாம்.

தமிழ்வழியில் படித்தவர் என்ற விவரமும் சும்மா இல்லை. கூட்டத்தில் ஆங்கிலத்தில் சரளமாகப் பேசுபவரின் யோசனை எடுபடும், தட்டுத்தடுமாறிப் பேசுபவரின் நல்ல யோசனை காணாமல் போகும். இது சென்னை ஐ.டி. கம்பெனியிலும் நடக்கிறது, சிவகங்கை மாவட்டத்தின் அரசு அலுவலகத்திலும் நடக்கிறது. “தமிழ்லயே சொல்லுங்க, பரவாயில்லை” என்று மேலதிகாரி சொல்லும் ஒரு வார்த்தைக்குச் செலவு ஒன்றுமில்லை.

உட்காருவது ஓர் உரிமையா?

இனி ஸ்டூலுக்கு வருவோம். தொழிற்சாலையில் நின்றுகொண்டே வேலை செய்பவர்களுக்கு, வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார இருக்கை தர வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமே சொன்னது, 44-ஆவது பிரிவில். அதாவது சிக்ரிக்கு அடிக்கல் நாட்டிய அதே ஆண்டு. கடைகளுக்கு அப்படி ஒரு விதி இல்லை. தீபாவளி, பொங்கல், ஆடித் தள்ளுபடி நாட்களில் காலையில் கடை திறப்பதில் இருந்து இரவு ஷட்டர் இறங்கும் வரை நின்றே இருப்பவர்களின் கால் வீக்கமும், நரம்புச் சுருட்டலும், முதுகு வலியும் ‘வேலைன்னா அப்படித்தான்’ கணக்கில் போய்விட்டன. 2010-இல் வசந்தபாலனின் ‘அங்காடித் தெரு’ அதைத் திரையில் காட்டியபோது பலரும் பதறினார்கள். சட்டம் வர அதற்குப் பிறகும் 11 ஆண்டுகள் ஆனது.

முதலில் நகர்ந்தது கேரளம். கோழிக்கோட்டில் தையல் தொழிலாளியாக இருந்த விஜி, ‘பெண்கூட்டு’ என்ற அமைப்பைத் தொடங்கியதே கடைகளில் கழிவறைகூட இல்லாத நிலைமையைப் பார்த்துத்தான். கழிவறைக்குப் போக முடியாது என்பதால் தண்ணீரே குடிக்காமல் இருந்த பெண்கள் அங்கே இருந்தார்கள். அந்தப் போராட்டம் உட்காரும் உரிமைக்கான போராட்டமாக வளர்ந்து, 2018-இல் கேரள அரசு சட்டத்தைத் திருத்தியது. உலகின் செல்வாக்குமிக்க 100 பெண்கள் பட்டியலில் அந்த ஆண்டு பிபிசி விஜியைச் சேர்த்தது.

தமிழகத்தில் 1947-ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் ‘22-அ’ என்ற புதிய பிரிவு சேர்க்கப்பட்டது. வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது எல்லாப் பணியாளர்களும் உட்காரும்படி, தகுந்த இருக்கை வசதி இருக்க வேண்டும் என்கிறது அது. பெண்களுக்கு மட்டுமல்ல, எல்லோருக்கும்.

முதலாளிகள் தரப்பில் வழக்கமாகக் கேட்கும் பேச்சு இது: “கஸ்டமர் உள்ள வர்றப்போ பொண்ணு உக்காந்திருந்தா மரியாதையாவா இருக்கும்?” இதை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. போட்டி அதிகமான தொழில், வாடிக்கையாளர் முகம் சுளித்தால் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார். ஆனால் சட்டம், வந்தவரை உட்கார்ந்துகொண்டே கவனிக்கச் சொல்லவில்லை. ஆள் இல்லாத மதிய வேளையில் வெறும் அலமாரியைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டாம் என்றுதான் சொல்கிறது. முகம் சுளிக்கும் வாடிக்கையாளர்களிலும் திருத்திக்கொள்ள வேண்டியது உண்டு. நாலு மணி நேரம் கல்யாணப் பட்டு எடுத்தவர்கள் தங்களுக்குப் பாயும் தலையணையும் காபியும் கிடைத்ததைச் சிலாகிப்பார்கள். புடவை விரித்துக் காட்டிய பெண் அந்த நாலு மணி நேரமும் நின்றதை எத்தனை பேர் கவனித்திருப்பார்கள்?

வாய் திறக்காத கடை

சரி, இதெல்லாம் இரக்கம் சம்பந்தப்பட்டது, வியாபாரத்துக்கு என்ன லாபம் என்று கேட்பவர்களுக்கு ஓர் ஆராய்ச்சி. ஹார்வர்டு பேராசிரியர் ஏமி எட்மண்ட்சன், மருத்துவமனைகளில் நன்றாகச் செயல்படும் செவிலியர் குழுக்கள் குறைவாகத் தப்பு செய்யும் என்று எதிர்பார்த்து ஆய்வைத் தொடங்கினார். கிடைத்தது தலைகீழ் முடிவு. நல்ல குழுக்களில்தான் தப்புகள் அதிகமாகப் பதிவாகியிருந்தன. அவர்கள் அதிகம் தவறவில்லை, மறைக்காமல் சொன்னார்கள். சொன்னால் வேலை போகாது என்ற தைரியம் அங்கே இருந்தது.

இதைக் காரைக்குடிக்குக் கொண்டுவந்து பார்க்கலாம். ஒரு கடையில் குறிப்பிட்ட ரகக் கண்டாங்கிச் சேலையில் சாயம் போகிறது என்று வைத்துக்கொள்வோம். முதலில் தெரியவருவது கவுன்டரில் நிற்கும் பெண்ணுக்குத்தான், திருப்பிக் கொண்டுவருபவர் திட்டுவது அவரைத்தானே. “இதெல்லாம் உனக்கு எதுக்கு, வேலையைப் பாரு” என்று ஒருமுறை வாயடைக்கப்பட்டவர் அடுத்த முறை சொல்ல மாட்டார். அந்த ரகத்தில் இன்னும் 200 சேலை ஆர்டர் போன பிறகுதான் முதலாளிக்கு விஷயம் தெரியும்.

பாலியல் தொல்லைப் புகாரில் இந்த மௌனம் இன்னும் ஆபத்தானது. 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி, 10 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் உள் புகார் குழு கட்டாயம். அமைக்காவிட்டால் 50,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. குழுவின் தலைவர், அங்கே மூத்த பொறுப்பில் இருக்கும் ஒரு பெண்ணாக இருக்க வேண்டும். மூத்த பொறுப்பில் பெண்ணே இல்லாத கடை என்ன செய்யும்? அதே முதலாளியின் வேறு கிளையில் இருந்து நியமிக்கச் சட்டம் வழி விடுகிறது. ஆனால் முப்பது பெண்கள் வேலை பார்க்கும் இடத்தில் குழுத் தலைவரை வெளியே தேட வேண்டியிருப்பதே அந்தக் கடையைப் பற்றி வேண்டிய அளவு சொல்லிவிடுகிறது.

மாற்றுத்திறனாளிகள் விஷயத்தை இங்கே முழுக்கப் பேச இடமில்லை. 2016-ஆம் ஆண்டுச் சட்டம் ஒவ்வொரு நிறுவனமும் சம வாய்ப்புக் கொள்கை ஒன்றை எழுதி வெளியிடச் சொல்கிறது. மேலே படி, கீழே படி என்று கட்டிய கடைகளில் சரிவுப்பாதைகூட அபூர்வம்.

யாரிடம் சொல்வது?

இருக்கை தராத கடைகளைப் பற்றித் தொழிலாளர் துறையின் உதவி ஆய்வாளர்களிடம் புகார் தரலாம். 10 பேருக்குக் குறைவாக வேலை பார்க்கும் கடைகளில் பாலியல் தொல்லை நடந்தால், அல்லது புகார் முதலாளி மீதே என்றால், மாவட்ட அளவில் இயங்கும் உள்ளூர் குழுவை அணுக வேண்டும். சம்பவம் நடந்த 3 மாதத்துக்குள் எழுத்துப்பூர்வமாகத் தர வேண்டும். தக்க காரணம் இருந்தால் இன்னும் 3 மாதம் வரை குழு நீட்டிக்கலாம். 50 பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் இடத்தில் குழந்தைகள் காப்பக வசதி இருக்க வேண்டும் என்பது 2017-இல் வந்த விதி. மகப்பேறு விடுப்பு 26 வாரம் ஆனதும் அப்போதுதான்.

ஆய்வாளர் வந்து பார்க்கும்போது கடையில் ஸ்டூல் இருந்தால் ஏட்டில் ‘வசதி உண்டு’ என்று எழுதிக்கொண்டு போவார். அதன் மேல் துணிக்கட்டு அடுக்கியிருந்ததா, யாராவது உட்கார்ந்திருந்தார்களா என்பது ஏட்டில் வராது. அதற்குப் பொறுப்பு, தளத்தில் நிற்கும் சூப்பர்வைசர். மதியம் மூன்று மணிக்குக் கூட்டம் ஓய்ந்ததும் “கொஞ்ச நேரம் உக்காரும்மா” என்று அவர் சொல்ல வேண்டும். அப்படிச் சொன்னதற்காக முதலாளி அவரை முறைக்காமலும் இருக்க வேண்டும்.