கீச்சா... கடகடவா?

காரில் புதுசாக ஒரு சத்தம் கேட்டால் நம்மில் முக்கால்வாசிப் பேர் செய்யும் முதல் வைத்தியம், பாட்டை இன்னும் கொஞ்சம் சத்தமாக வைப்பது. இளையராஜா பாடிக்கொண்டிருக்கும்வரை எல்லாக் காரும் நல்ல கார்தான்! ஒரு பாட்டு முடிந்து அடுத்தது ஆரம்பிக்கும் அந்த இரண்டு செகண்டில்தான் 'கீச்...' என்று உண்மை வெளியே வரும்.

இரண்டாவது வைத்தியம் மெக்கானிக். அங்கே வேறு சங்கடம். டை கட்டின ஆபீஸர் பட்டறை வாசலில் நின்று, "அண்ணே, 'டர்ர்ர்... டக்'னு வருதுண்ணே" என்று மிமிக்ரி செய்வார். எதிர் டீக்கடை பெஞ்ச் மொத்தமும் வேடிக்கை பார்க்கும். மெக்கானிக் ஏறி ஒரு ரவுண்டு போய் வருவார். சத்தம் வராது. விருந்தாளி முன்னால் ரைம்ஸ் சொல்ல மறுக்கும் குழந்தை மாதிரி, கார் அன்றைக்கென்று சமர்த்தாக இருக்கும். "ஒண்ணுமில்லையே ஸார்!"

இத்தனைக்கும் கடகட, சலசல, நறநற என்று சத்தத்துக்கே இரட்டைக்கிளவி வைத்திருக்கிற மொழி நம்முடையது. பாண்டித்துரைத் தேவர் 1901-ல் தமிழ்ச் சங்கம் வைத்த மதுரையில் கார் ஓட்டிக்கொண்டு, 'என்னவோ மாதிரி சத்தம் வருது' என்று சொல்வது நியாயமா? ஆனால் ஒன்று. என்ன சத்தம் என்பதைவிட, எப்போது வருகிறது என்பதுதான் மெக்கானிக்குக்கு முக்கியம். பிரேக் போடும்போதா, திரும்பும்போதா, வேகம் கூடக்கூடவா, ஸ்டார்ட் பண்ணினதுமா? இதைக் கவனித்துச் சொன்னால் பாதி ரிப்பேர் முடிந்த மாதிரி.

பிரேக்கை எடுத்துக்கொள்ளுங்கள். மழைக்கு மறுநாள் காலையில், முதல் இரண்டு மூன்று பிரேக்குக்கு மட்டும் 'சரக்' என்று உரசினால் பயம் வேண்டாம். டிஸ்க்கில் ராத்திரி படிந்த மெல்லிய துரு. தானே போய்விடும். தினமும் 'கீச்' என்றால் வேறு விஷயம். பல கார்களின் பிரேக் பேடில் ஒரு சின்ன உலோகத் தகடு வைத்திருப்பார்கள். பேடு தேய்ந்து இரண்டு மூன்று மில்லிமீட்டருக்கு வந்ததும் அந்தத் தகடு டிஸ்க்கில் பட்டு, வேண்டுமென்றே கத்தும். நான் பி.காம். படித்தவன். தேய்மானத்தை வருஷக் கடைசியில் சத்தமில்லாமல் எழுதித்தான் பழக்கம். தேய்மானமே கூப்பிட்டுச் சொல்வதை இங்கேதான் பார்க்கிறேன்! அதையும் கேட்காமல் விட்டால் அடுத்தது 'நறநற'. பேடு தீர்ந்துபோய் இரும்பும் இரும்பும் அரைக்கிற சத்தம். பேடோடு முடிந்திருக்க வேண்டிய செலவு டிஸ்க்குக்கும் சேர்ந்து வரும்.

செலவுகூடப் பரவாயில்லை ஸார். இரண்டு நாள் லீவு கிடைத்தால் நாம் வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானலுக்குத்தானே கிளம்புகிறோம்? சுமார் 2,100 மீட்டர் உயரம். ஏறும்போது பிரேக்குக்கு அதிகம் வேலையில்லை. இறங்கும்போதுதான் வளைவுக்கு வளைவு மிதிக்கணும். நல்ல பிரேக் உள்ள வண்டியே இறக்கத்தில் சின்ன கியரில்தான் வரணும். தேய்ந்த பிரேக் சூடேறினால் மிதித்தும் வண்டி நிற்காமல் போகலாம். உள்ளே நண்பர்கள் நாலு பேர், டிக்கி நிறையப் பைகள், பக்கத்தில் பள்ளம். வத்தலக்குண்டிலேயே 'நறநற' கேட்டால் அங்கேயே ஓரம் கட்டுங்கள். கொடைக்கானல் எங்கேயும் ஓடிவிடாது.

ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்து யூ டர்ன் போடும்போது முன்பக்கம் 'டக்... டக்...' வந்தால், ஆக்ஸில் நுனியில் இருக்கும் சி.வி. ஜாயிண்ட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். ரப்பர் உறை கிழிந்து, கிரீஸ் வெளியேயும் நம்மூர்ப் புழுதி உள்ளேயும் போயிருக்கும்.

மேலூர் நாலுவழிச் சாலையில் வேகம் கூடக்கூட 'ஊ...' என்று ஒரு ரீங்காரம். ரோடு மாறும்போது அதுவும் மாறினால் பெரும்பாலும் டயர். மாறாமல், லேசாக இடது பக்கம் வளையும்போது கூடினால் வலது வீல் பேரிங் மேல் சந்தேகப்படலாம். வளையும்போது பாரம் அந்தப் பக்கம்தானே சாய்கிறது?

காலையில் ஸ்டார்ட் பண்ணினதும் 'வீல்' என்று அலறி அடங்குவது பெல்ட். அன்றைக்கே ஓட வேண்டாம். ஆனால் மாசக்கணக்கில் தள்ளிப்போட்டு, சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில் கோரிப்பாளையத்தில் அறுந்தால், அழகர் மலைக்குத் திரும்பும்வரை நீங்களும் அங்கேதான்!

இன்ஜினுக்குள் கனமாக 'டொக் டொக்' என்று இடித்து, கூடவே சிவப்பு ஆயில் லைட்டும் எரிந்தால் மட்டும் 'திருமங்கலம் வரைக்கும் போயிடலாமே' பேச்சே கூடாது. உடனே இன்ஜினை ஆஃப் பண்ணுங்கள். ஆயில் ஓட்டமில்லாமல் ஓட்டினால் சில நிமிஷத்தில் இன்ஜின் காலி.

இதெல்லாம் இல்லை, பள்ளத்தில் இறங்கும்போது மட்டும் பின்னால் 'கடகட' என்கிறதா? பட்டறைக்குப் போகுமுன் டிக்கியைத் திறந்து, ஜாக்கியும் ஸ்டெப்னியும் இறுக்கமாக இருக்கிறதா பாருங்கள். நண்பர் ஒருவர் மூன்று நாளாகத் தேடிய சத்தம், மாமியார் கொடுத்தனுப்பின எவர்சில்வர் தூக்கு. உள்ளே இருந்த முறுக்குதான் மாவாகியிருந்தது.